இரட்டை டயருக்கு நடுவே

உச்சி வெயிலில்தான் வழக்கறிஞர் அந்த லாரி ஷெட்டுக்குள் நுழைந்தாள். வண்டியைப் பார்வையிட நீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்தது. "விபத்து நடந்த ரோட்டுக்கே எங்க லாரி போகலை" என்று கம்பெனி சாதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய கட்சிக்காரியோ உச்சந்தலைத் தோலைச் சக்கரத்துக்குப் பறிகொடுத்து, துணி சுற்றிய தலையோடு வீட்டில் கிடந்தாள்.

லாரி புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. பின்சக்கரத்தருகே குனிந்ததும் நாற்றம் மூக்கில் ஏறியது. கிரீஸ், கருகிய ரப்பர், அதற்கும் அடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய தலையணையின் வாடை.

டார்ச் அடித்தாள்.

இரண்டு டயருக்கும் நடுவே முடி. நீளமாக, ஈரமாக, அச்சோடு சுருண்டிருந்தது.

வயதான மெக்கானிக் அருகில் வந்து குசுகுசுத்தார். "வெட்டி வெட்டிப் பார்த்துட்டேன் மேடம். வளருது."

"என்ன உளர்றீங்க?"

"முதலாளிகிட்ட சொன்னேன். டீயில பன்னை முக்கித் தின்னுக்கிட்டே, 'வாயை மூடிட்டுக் கழுவுய்யா'ங்கறார்."

முடியைவிட அந்தப் பன்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு, சாட்சியத்துக்காக ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள்.

வேர்ப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

கைப்பேசி அலறியது. கட்சிக்காரியின் கணவர்.

"மேடம், இவ துடிக்கிறா! யாரோ முடியைப் பிடிச்சு இழுக்கிறாங்கன்னு கத்தறா. தலையில ஒத்த முடி இல்லையே மேடம்!"

கையை உதறினாள். சுவரோரம் ஓடி வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, இழுக்காமல் மெதுவாக வெட்டினாள்.

கட்சிக்காரியின் முடிதான் என்றது ஆய்வுக்கூடம். வழக்கு ஜெயித்தது. வழக்கறிஞர் பிடிவாதம் பிடித்து, முடி முளைத்த அந்த அச்சை உருக்க வைத்தாள். அன்றிலிருந்து கட்சிக்காரி அலறாமல் தூங்கினாள். வெறும் மண்டையில் பூனைமுடிகூட அரும்பியது.

பாவிகள், அதே லாரிக்கு வேறு அச்சு மாட்டி மறுபடி ஓட்டினார்கள்.

ஒரு மாலை மெக்கானிக் கூப்பிட்டார்.

"புது அச்சு, புது டயர் மேடம். திரும்பவும் முளைச்சிருக்கு."

"அவளோடதா?"

"இல்லை. குட்டையா இருக்கு. நரைமுடி."

அப்படி ஒருவர் அடிபட்டதாக எந்த வழக்கைப் பற்றியும் அவள் கேள்விப்படவில்லை.

"தொட்டீங்களா?"

"லேசா இழுத்தேன்."

"அப்புறம்?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஷெட்டுல நான் ஒருத்தன்தான். வண்டிக்கு அடியில யாரோ இருமினாங்க மேடம்."