யோங் பெங்குக்கு வந்த பெட்டி

காலைக் கூட்டம் கலையும் நேரத்தில், மழையில் நனைந்த தாதிச் சீருடையோடு ஐலீன் கடைக்குள் நுழைந்தாள். பெட்டியிலிருந்து அறுத்தெடுத்த பெரிய அட்டைத் துண்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். எங்கும் நிற்காமல் நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

“அக்கா, நீங்க முன்னாடி இன்சூரன்ஸ்ல திருட்டுக் கேசெல்லாம் விசாரிச்சீங்களாமே. சர்ச்சுல சொன்னாங்க.”

மஜீதா நிமிர்ந்து பார்த்தாள். ஜொகூர் பாருவில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பல காலம் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது யோங் பெங்கில் கணவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கல்லாவைக் கவனிப்பவள். வேலையை விட்டாலும் சிக்கலோடு வருகிறவர்கள் அவளை விடவில்லை. தே தாரிக் தேநீரை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த கணவர் சர்புதீனின் காதில் ‘திருட்டு’ என்ற சொல் விழுந்ததும் குவளை அந்தரத்தில் நின்றது. அதை வேலையாளிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உக்காரும்மா. மூச்சு வாங்கிட்டுச் சொல்லு” என்றாள் மஜீதா.

ஐலீன் சொல்லத் தொடங்கினாள். தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்க் கவனிப்பது அவள் வேலை. அவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டங்களின் உள்ளே, லயத்து வீடுகளில் இருந்தார்கள். மழை பிடித்தால் அந்தச் செம்மண் பாதையில் அவளுடைய சின்னக் காரின் சக்கரம் புதைந்துவிடும். போன மழைக்காலத்தில் ஒருநாள் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே போனாள். வலி மருந்துக்காகக் காத்திருந்த பெரியவரின் முனகல், வீடு கண்ணில் படும் முன்பே காதில் விழுந்தது.

“அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்க்கா. ஸ்க்ராம்பளர் ஒண்ணு வாங்கணும்னு.”

தார்ச்சாலையிலும் ஓடும், தோட்டத்துச் சேற்றிலும் ஓடும் பைக் அது. கடைகளில் கேட்ட விலை அவளுக்கு எட்டவில்லை. ஈப்போவில் தீபன் என்பவர் சீனத் தயாரிப்புகளை இணையத்தில் மலிவாக விற்றார். பார்க்காமல் வாங்காதே என்று எல்லோரும் தடுத்தும் அவள் பணம் கட்டினாள். வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். “நர்சுக்கு பைக்கும் வெள்ளையா?” என்று தம்பி ரேமண்ட் கேலி செய்தான்.

பெட்டி யோங் பெங் சரக்கு டிப்போவுக்கு வந்த அன்று அவளுக்கு வேலை. ரேமண்ட்தான் நண்பனின் லோரியில் போய் எடுத்து வந்து வீட்டு வாசலில் இறக்கினான். மறுநாள் சாயங்காலம் அவள் ஆசையாகப் பெட்டியைப் படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். பிறகு பட்டைகளை அறுத்து மூடியைத் தூக்கினாள்.

“உள்ள சிமெண்டு மூட்டைக்கா. கல்லா இறுகிப் போன பழைய மூட்டைங்க. ஆடாம இருக்கச் சாக்கு வேற சொருகி வச்சிருந்தாங்க.”

“அலமாக்!” என்று அதிர்ந்தார் சர்புதீன்.

“ஈப்போக்காரர், ஒழுங்காத்தான் அனுப்பினேன்னு வீடியோ காட்டுறாரு. டிப்போவப் பாத்துக்கிற லோகேஸ்வரன், கட்டு பிரியாமத்தான் குடுத்தோம், எடுத்துட்டுப் போனவனக் கேளுங்கன்னு சொல்றாரு.” அவள் குரல் இறங்கியது. “ரேமண்ட் இப்ப சர்ச் ஹால் ரிப்பேர் வேலைக்குப் போறான். அங்க சிமெண்டு மூட்டை இருக்கு. அதுவும் டிப்போக்காரருக்குத் தெரிஞ்சு போச்சு. இன்னிக்குள்ள நான் போலீஸ்ல சொல்லலன்னா அவரே போய் ரேமண்ட் பேர்ல சொல்வாராம். திங்கக்கிழம அவனுக்கு சிங்கப்பூர்ல வேல ஆரம்பம். எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தால ரூம் கூடப் பாத்தாச்சு. போலீஸ் கேஸ்னா பெர்மிட்டு போயிரும்க்கா.”

“நீ என்ன நினைக்கிற? தம்பி எடுத்திருப்பானா?”

ஐலீன் கையிலிருந்த அட்டைத் துண்டையே பார்த்தாள். ரேமண்ட் படிக்கும் காலத்தில் அவளுடைய கைப்பேசியை விற்றுவிட்டுத் தொலைந்துபோனதாகச் சாதித்தவன். நேற்று முழுவதும் அந்த நினைவைத் துரத்தித் துரத்திக் களைத்திருந்தாள்.

மஜீதா வற்புறுத்தவில்லை. ஐலீன் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பெட்டியின் மேல் விலாசத் தாள். அதன் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடியது. ஐலீனின் பெயரில் நடு எழுத்துகள் பட்டைக்கு அடியில் மறைந்திருந்தன. நிறம் ‘வெள்ளை’ என்று மலாயில் அச்சாகியிருந்தது. பிறகு தீபனின் வீடியோ. கட்டி முடித்த பெட்டி ஒன்றின் மேல் ஒரு கை விலாசத் தாளை ஒட்டித் தடவிவிட்டது. பெயர் எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. அடுத்து பெட்டி லோரியில் ஏறியது. பைக்கை உள்ளே வைப்பது வீடியோவில் இல்லை. கடைசியாக ஐலீன் கொண்டுவந்த அட்டைத் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். தாள் கிழியாமல் முழுசாக இருந்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” சர்புதீன் மேசையைத் தட்டினார். “வித்தவன்தான் கள்ளன்! ஈப்போவுலயே சிமெண்ட வச்சுக் கட்டிட்டான். அதனாலதான் உள்ள என்ன இருக்குன்னு காட்டல.”

“இருக்கலாம் மச்சான். குடைய எடுங்க, டிப்போவ ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்.”

டிப்போ நெடுஞ்சாலைப் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரையில் மழை இரைந்தது. ஒழுகும் இடங்களில் வாளிகள் வைத்திருந்தார்கள். சர்புதீன் முதல் வாளியிலேயே இடறினார். சுவரில் பட்டை கட்டும் கருவியும் கறுப்புப் பட்டைச் சுருளும் தொங்கின. லோகேஸ்வரன் சலிப்போடு எழுந்து வந்தான்.

“எத்தன பேரக் கூட்டிட்டு வந்தாலும் நான் சொல்றது ஒண்ணுதான் மிஸ். பெட்டி வந்துச்சு, ஒங்க தம்பி எடுத்துட்டுப் போனாரு. நாங்க எதுக்குத் திறக்கப் போறோம்? அந்த மாதிரி பச்ச பைக்க எவன் திருடுவான்? ரோட்டுல எடுத்தா ஊரே திரும்பிப் பாக்கும்.”

“எடை?” என்று கேட்டாள் மஜீதா.

“சரியாத்தான் இருந்துச்சு. இல்லன்னா ஈப்போவுலயே ஏத்தியிருக்க மாட்டாங்க.”

சர்புதீன் இடறிய கால் வலிக்க, உயரமான அட்டைப்பெட்டி ஒன்றில் சாய்ந்தார். லோகேஸ்வரன் சட்டென்று கையை நீட்டினான். “அண்ணே, அதுல சாயாதீங்க. மூவாருக்குப் போற மேச நாற்காலி. ஒடஞ்சா நான்தான் பதில் சொல்லணும்.”

“மன்னிச்சுக்க தம்பி” என்று விலகினார் சர்புதீன்.

“மூவார் லோரி எப்ப வரும்?” மஜீதா பேச்சுவாக்கில் கேட்டாள்.

“நாளைக்குக் காலைல.”

“இந்தக் கூரை ரொம்ப நாளா ஒழுகுதோ?”

“போன மழைக்கு முன்னாடியிலருந்தே. கேட்டா யாரு செய்றா?”

அவ்வளவுதான் மஜீதா கேட்டது. இதற்குத்தானா வந்தோம் என்று ஐலீனுக்கு அழுகை வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே வரும்போது லோகேஸ்வரன், “சாயங்காலம் டிப்போவ அடைச்சதும் நேரா போலீசுக்குத்தான் போறேன் மிஸ்” என்று பின்னாலிருந்து சொன்னான்.

கடையில் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் சர்ச் ஹாலுக்குப் போனார்கள். ரேமண்ட் சுவருக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தான். மூலையில் பலகை அடுக்கி, அதன் மேல் சிமெண்டு மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். மஜீதா பாயைத் தூக்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சர்புதீனும் பின்னால் ஓடினார்.

ஐலீன் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். கேட்கக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள்.

“ரேமண்ட், நீ எடுத்தியா?”

பூச்சுக் கரண்டி சுவரில் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“எடுத்திருந்தா என்ன செய்வ?”

“எனக்குத் தெரியணும்டா.”

“அப்ப நீயே ஒண்ண நெனச்சுக்க.” அவன் மறுபடி பூசத் தொடங்கினான். ஆனால் பூசிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மஜீதா வாசலில் வந்து நின்றாள். “தம்பி, கைய கழுவிட்டு வாங்க. எல்லாரும் ஒருக்கா டிப்போவுக்குப் போலாம்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது லோகேஸ்வரன் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தான். ரேமண்டைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை ஐலீன் கவனித்தாள்.

“ஒத்துக்கிட்டாரா?” என்றான்.

“இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு” என்றாள் மஜீதா. அவள் குரல் கல்லாவில் மீதிச் சில்லறை சொல்லும் குரலைப் போலவே இருந்தது. “ஐலீன், பெட்டிய நீ எடுத்த படத்த இவருக்குக் காட்டு. பட்டை எங்க ஓடுது?”

“என் பேர் மேல.”

“வீடியோவுல?”

ஐலீன் ஓட்டிப் பார்த்தாள். அந்தக் கை, தாளைத் தடவுகிறது. பெயர் முழுசாகத் தெரிகிறது. அவள் வீடியோவை நிறுத்தினாள். “இதுல பட்டைக்கு மேல தாள் இருக்கு! என் படத்துல தாளுக்கு மேல பட்டை.”

“ஆமா. ஈப்போவுல கட்டி முடிச்ச பிறகுதான் தாள ஒட்டுனாங்க. அதே கட்டு கடைசி வரைக்கும் இருந்திருந்தா, நீ பட்டைய அறுத்து உருவும்போது தாள் கிழிஞ்சிருக்கும். நீ கொண்டுவந்த தாள் முழுசா இருந்துச்சு. அப்படின்னா வழியில யாரோ பழைய பட்டைய பதமா உருவி எடுத்து, பெட்டியத் திறந்து, திரும்ப புதுப் பட்டை கட்டியிருக்காங்க.”

“அததான் நானும் சொல்றேன்!” லோகேஸ்வரன் ரேமண்டைக் காட்டினான். “இவரு வீட்டுலதானே ஒரு ராத்திரி பெட்டி கெடந்துச்சு?”

“வீட்டுல பட்டை கட்டுற கருவி இல்ல. ஒங்க சுவத்துல இருக்கு.”

“அது எந்தக் கடையிலயும் கிடைக்கும்.”

“கிடைக்கும்” என்று மஜீதா ஒத்துக்கொண்டாள். “சிமெண்டும் கிடைக்கும். ஆனா சர்ச் ஹால் சிமெண்ட நான் தொட்டுப் பாத்தேன். பலகை மேல, பாய்க்குள்ள, மாவு மாதிரி இருக்கு. பெட்டிக்குள்ள இருந்தது நாள்பட நனைஞ்சு கல்லாப் போனது. அந்த மாதிரி மூட்டை ஒழுகுற கூரைக்குக் கீழதான் இருக்கும்.”

சர்புதீன் தாம் இடறிய வாளியைத் திரும்பிப் பார்த்தார். “அட! இத நான் காலாலயே கண்டுபுடிச்சிருக்கேன்!”

யாரும் சிரிக்கவில்லை. மஜீதா கைப்பேசியை எடுத்து ஒலிபெருக்கியில் வைத்தாள். ஈப்போவிலிருந்து தீபனின் குரல் வந்தது.

“தீபன், கொஞ்சம் முன்னாடி என்கிட்ட சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. ஐலீனுக்கு என்ன கலர் பைக் அனுப்பினீங்க?”

“மன்னிச்சிருங்க சிஸ்டர். வெள்ள முடிஞ்சிருச்சு. நீங்க ஆர்டர கேன்சல் பண்ணிருவீங்கன்னு பயந்து, தாள்ல வெள்ளன்னு போட்டுட்டு பச்சைய அனுப்பிட்டேன். பெட்டிய மூடுனது நான்தான். வேற யாருக்கும் தெரியாது.”

ஐலீன் மெதுவாக லோகேஸ்வரன் பக்கம் திரும்பினாள். காலையில் அவன் சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“பச்ச பைக்குன்னு சொன்னீங்களே” என்றாள்.

“நானா? ஏதோ வாய்ல வந்தது...”

“நாங்க மூணு பேரும் கேட்டோம்” என்றாள் மஜீதா. “வாங்கினவளுக்கே தெரியாத கலர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பெட்டியத் திறந்து பாத்தவருக்கு மட்டும்தான் அது தெரியும். அதோட தீபன் மேல இருந்த சந்தேகமும் போயிருச்சு. அவர் பைக்க வச்சுத்தான் அனுப்பியிருக்காரு. இல்லன்னா நீங்க எதப் பாத்திருப்பீங்க?”

“சரி, பைக் எங்க இருக்கு? சொல்லுங்க பாப்போம்!” லோகேஸ்வரனின் குரல் உயர்ந்தது.

“இங்கதான். நம்பர் பிளேட் இல்லாத புது பைக்க ரோட்டுல ஓட்ட முடியாது. பெட்டியில வச்சுத்தான் அனுப்பணும்.” அவள் சர்புதீனைப் பார்த்தாள். “மச்சான், நம்ம கடை மேச நாற்காலியெல்லாம் எங்க வாங்குனோம்?”

“மூவார்ல. நாட்டுக்கே அங்கருந்துதானே...” சர்புதீன் பாதியில் நிறுத்தினார். அவர் கண்கள் காலையில் சாய்ந்த பெட்டியிடம் போயின. “மூவாருக்கு எவன்டா மேச நாற்காலி அனுப்புவான்!”

லோகேஸ்வரன் கதவைப் பார்த்தான். சர்புதீன் ஏற்கெனவே கதவை அடைத்து நின்றிருந்தார்.

“போலீசுக்கு நானே சொல்லிட்டேன், வந்துட்டு இருக்காங்க” என்றாள் மஜீதா. “அவங்க வர்றதுக்குள்ள நீங்களே திறந்துட்டா உங்களுக்குக் கொஞ்சம் நல்லது தம்பி.”

லோகேஸ்வரன் சாவிக்கொத்தை மேசையில் போட்டான். பிறகு சுவரிலிருந்து கத்தியை எடுத்துப் பட்டைகளை அறுத்தான். மூவாரில் ஒருத்தர் இந்த மாதிரி பைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றான். மலிவான சீன பைக்தானே, விற்றவன் மேல்தான் பழி போகும் என்று நினைத்தேன் என்றான். ஈப்போக்காரர் வீடியோ அனுப்பியதும் பயந்து, பழியை ரேமண்ட் மேல் திருப்பினானாம். அட்டை விலகியது. முன் சக்கரம் கழற்றிப் பக்கத்தில் கட்டப்பட்ட பைக் ஒன்று, செம்பனை ஓலையைப் போல் பச்சையாக, உள்ளே நின்றது.

ஐலீன் அங்கிருந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ்காரர்கள் வந்து லோகேஸ்வரனை அழைத்துப் போனார்கள். படம் எடுத்து முடித்த அதிகாரி, ஏன் உடனே புகார் கொடுக்கவில்லை என்று ஐலீனிடம் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “குடுத்தா பெட்டிய எடுத்துட்டு வந்தவர் யாருன்னு கேப்பீங்க. என் வாயால தம்பி பேரச் சொல்ல முடியல.”

பைக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போன பிறகும் ரேமண்ட் சுவரோரமே நின்றான். மழை விட்டிருந்தது. மஜீதா கணவரின் சட்டையைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்துப் போனாள்.

“அப்ப நான்தான்னு நெனச்சிருக்க” என்றான் ரேமண்ட்.

“ம்.”

“நெனச்சும் சொல்லல.”

“ம்.”

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தாள். கண்ணீர்தான் வந்தது. அவன் அவளைப் பார்க்காமலே பெட்டிக்குள் குனிந்து, திருகுச்சாவிப் பையைத் தேடி எடுத்தான். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

“அழுதுட்டு நிக்காதக்கா. இப்படி வந்து முன் சக்கரத்தப் புடி. திங்கக்கிழம நான் போயிருவேன், அதுக்குள்ள தோட்டத்துப் பாதையில நீ ஓட்டிப் பழகணும்.”