மூக்கில்லாத டார்பிடோ

"யா அல்லா...!"

சைனப்பின் அலறல் தாராவியின் அந்தத் தோல் பட்டறைச் சந்து முழுவதும் கேட்டது.

கையிலிருந்த டீ கெட்டில் விழுந்து உருண்டது.

கணவர் கரீம் பாட்சாவின் பட்டறைக்குள், ஆட்டுத்தோல் அடுக்குகளுக்கு நடுவே ஒருவன் கிடந்தான். கண்கள் திறந்திருந்தன. பின்மண்டையும்தான்.

பெயர் ஜெயகணேஷ். செம்பூரில் ஒரு தனியார் ஆயுதக் கம்பெனியில் என்ஜினீயர். நல்ல மூளைக்காரன். அந்த மூளைதான் இப்போது சுத்தியல் பட்டுக் கிடந்தது.

பக்கத்தில் புத்தம்புதுத் தோல் உறை ஒன்று. உள்ளே... காலி!

இன்ஸ்பெக்டர் ஜான்சி வந்தபோது சந்தில் எள் போட்டால் விழாது. இதே தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் முழங்கையால் வழி செய்துகொண்டு வந்தாள்.

"ஹவில்தார் பூதத்தான்!"

"மேடம்?"

"செல்ஃபி எடுக்கறவனையெல்லாம் விரட்டுங்க. மொதல்ல நீங்க எடுக்கறத நிறுத்துங்க!"

கரீம் பாட்சா மூலையில் குந்தியிருந்தார்.

"மேடம், அந்தப் புள்ள ராத்திரி இங்கேயே படுத்துக்கிடுதேன்னு சொல்லிச்சு. சாமான விட்டுட்டு நகர மாட்டேன்னுட்டு. சாவியக் கொடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன். வேற ஒண்ணும் தெரியாது!"

"வீட்லதான் இருந்தீங்கன்னு யார் சாட்சி?"

"சைனப்புதான்."

"பொண்டாட்டி சாட்சிய எவன் நம்புவான் பாய்?"

அப்போதுதான் நயினார் நுழைந்தார். செத்தவனின் முதலாளி. கார் சந்துக்குள் நுழையாது. அவரே கஷ்டப்பட்டுத்தான் நுழைந்தார். அப்படி ஒரு உடம்பு. மாட்டுங்காவில் வீடு, கையில் கர்ச்சீப், நெற்றியில் குங்குமம்.

"மேடம், இது வெறும் மர்டர் இல்ல. தேசத் துரோகம்! என் டார்பிடோவோட மூக்கு போயிடுச்சு!"

"எது போச்சு?"

"மூக்கு! சாதா டார்பிடோ கடல்ல நீந்தும் மேடம். எங்களுது பறக்கும்! மூக்குல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை. அது தண்ணியக் கிழிச்சு, பின்னால பெரிய குமிழி ஒண்ணை உண்டாக்கும். டார்பிடோ மொத்தமும் குமிழிக்குள்ள. உடம்புல தண்ணியே படாது. பிரேக் இல்லாத விரார் ஃபாஸ்ட் ட்ரெயின் மாதிரி போகும்!"

"வளைஞ்சு போகுமா?"

"அதான் கஷ்டம். அந்த வேகத்துல திரும்பாது, எதிரிக் கப்பல் சத்தமும் அதுக்குக் கேக்காது. மூக்கை ஆட்டித் திருப்புற வித்தையை ஜெயகணேஷ் கண்டுபிடிச்சிட்டான். திங்கக்கிழமை நேவி ட்ரையல். எங்க மூக்கா, ரைவல் கம்பெனி மூக்கான்னு அன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"அந்த மூக்கு தாராவிக்கு எதுக்கு வந்துச்சு?"

"ஆபீஸ்ல எவனோ ரைவலுக்கு உளவு சொல்றான்னு அவனுக்கு டவுட். சாமானை வெளிய கொண்டுவந்துட்டான். கையிலயே எடுத்துட்டுப் போக ஒரு உறை வேணும்னான். என்கிட்ட மட்டும்தான் சொன்னான் மேடம். இந்தாளு பார்த்திருக்கான், ஆசைப்பட்டிருக்கான், போட்டுத் தள்ளிட்டான்!"

"பார்க்க எப்படி இருக்கும்?"

"சில்வர் கலர். பளபளன்னு. ஓரத்துல நகம் அளவுக்கு ஒரு கீறல். ஈஸியா கண்டுபிடிச்சிடலாம்!"

கரீம் பாட்சாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

ஜான்சி கவனித்தாள்.

அதே நேரம் அவள் போன் அலறியது. மேலதிகாரி!

"ஜான்சி, டெல்லி உளவுத்துறை ஆளுங்க ஏர்போர்ட்ல இறங்கிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள அந்த பாயை ஒப்படைச்சிடு."

டெல்லிக்காரர்கள் கொண்டுபோனால் கரீம் பாட்சா எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. நாளை அவர் மகள் அஸ்ரினுக்கு நிக்காஹ். வாப்பாவைத் தேசத் துரோகி என்று கொண்டுபோன வீட்டுக்கு மாப்பிள்ளை வருவானா? சைனப் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"பாய், மேல வாங்க. உங்களைத் தனியா கவனிக்கணும்!"

ஏணி ஏறிப் பரணுக்குப் போனதும் குரலைத் தணித்தாள்.

"கீறல்னதும் ஏன் முழிச்சீங்க?"

"மேடம், அது அந்தச் சாமானே இல்ல! ஈரத்தோல உருவத்து மேல இழுத்துக் கட்டி ராத்திரி பூராவும் காயப் போடணும். இரும்பு கிரும்பு பட்டா தோலு கறுத்துப் போவும். அதனால மரத்துல டம்மி செதுக்கித்தான் உள்ள வைப்போம். தேக்குக் கட்ட. ஈரம் இழுக்கக் கூடாதுன்னு, சன்னல் கம்பிக்கு அடிச்ச சில்வர் பெயிண்டு மிச்சத்தப் பூசினேன். உளி வழுக்கி ஓரத்துல கீறல் விழுந்துட்டு. நேத்து அந்திக்குச் செஞ்சது. நானும் அந்தப் புள்ளயுந்தான் பாத்தோம்!"

"நீங்க, செத்தவன்... அப்புறம் கொன்னவன்!"

ஜான்சி மெல்ல விசில் அடித்தாள்.

"ஆனா முதலாளிக்கு மரம் எது, உலோகம் எதுன்னா தெரியாது?"

"நெசச் சாமானத் தொட்டிருந்தாத்தான தெரியும்? மொதலாளி கம்ப்யூட்டர்ல பாக்கதோட சரின்னு அந்தப் புள்ள சொல்லிச் சிரிக்கும்."

"இதை அப்பவே ஏன் சொல்லலை?"

"யாரு என்னையப் பேச விட்டா?"

"சரி, நிஜ மூக்கு எங்க?"

கரீம் பாட்சா அவள் காதில் சொன்னார். ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாய்... தேக்கைத் தண்ணில போட்டா?"

"மிதக்கும்."

"ரைவல் டார்பிடோக்காரன் கையில ஒரு மூக்கு கிடைச்சா, மொதல்ல என்ன செய்வான்?"

ஜான்சியே பதிலும் சொன்னாள்.

"தண்ணில போடுவான் பாய்! வாங்க, காத்திருப்போம்."

கீழே வந்தாள்.

"நயினார் சார், டெல்லி ஆளுங்க வர்ற வரைக்கும் இருங்க. போனை மட்டும் டேபிள்ல வைங்க. எல்லாருக்கும் இதே ரூல்தான். பூதத்தான், சாருக்கு ஒரு கட்டிங் சாய்!"

டீ வந்தது. பசை தடவி ஒட்டிய தோல்களின் மேல் கறுப்பாக ஒரு வில்லை இருந்தது. நயினார் டீ கிளாஸை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

முதல் டீ முடிந்தது. போன் மூச்சு விடவில்லை.

இரண்டாவது டீயில்... அடித்தது!

நயினார் பாய்ந்தார். ஜான்சி முந்திக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏங்க, மத்தியானத்துக்கு அவியலா, பொரியலா?"

மனைவி! பூதத்தான், "அவியலே செய்யச் சொல்லுங்க சார்" என்றார்.

நயினார் முகத்தில் ரத்தம் திரும்பியது.

ஜான்சி முகத்திலிருந்து வடிந்தது. சந்து முனையில் இரண்டு சஃபாரி சூட்டுகள் தெரிந்தன!

டெல்லிக்காரர்கள் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் கரீம் பாட்சாவின் கையைப் பிடித்தார். விலங்கு மின்னியது.

"என் மவ நிக்காஹ் சார்... ஒரு நாள், ஒரே ஒரு நாள்..." சைனப் காலில் விழுந்தாள்.

டிரிங்... டிரிங்...!

நயினாரின் போன். ஜான்சி மறுபடி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அபே நயினார்! க்யா தியா தூ? பானி மே டாலா தோ தைர் ரஹா ஹை! லக்டி ஹை சாலா, லக்டி!"



பூதத்தான் தொண்டையைச் செருமினார். "என்னத்தைக் கொடுத்தேன்னு கேக்கறான் மேடம். தண்ணில போட்டா மிதக்குதாம். கட்டையாம்."

"ரா... ராங் நம்பர்!"

"உங்க பேரைச் சொல்லியா சார்? பாவம் ஜெயகணேஷ். உளவாளியை ஆபீஸ் பூரா தேடினான். முதலாளி ரூம்ல மட்டும் தேடலை!"

நயினார் அப்படியே ஸ்டூலில் சரிந்தார்.

"கம்பெனி மூழ்கிட்டிருந்துச்சு மேடம். ரைவல்காரனுங்க பெட்டி நிறையப் பணம் தந்தானுங்க. தூங்கும்போது எடுத்துட்டு ஓடிரலாம்னுதான் வந்தேன். அவன் முழிச்சிட்டான். சுத்தியல் கைக்கு எட்டுச்சு..." திடீரென்று தலையைத் தூக்கினார். "அப்போ நிஜ மூக்கு எங்க?"

"அதுமேல வச்சுத்தான் ரெண்டு டீ குடிச்சீங்க!"

கரீம் பாட்சா டீ கிளாஸை எடுத்துவிட்டு, கறுப்பு வில்லையைத் துடைத்து நீட்டினார்.

"ஒட்டின தோலு மேல வெயிட்டு வைக்கணும்லா சார். அந்தப் புள்ளதான் எடுத்துக் கொடுத்துச்சு. இங்க கெடந்தா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்னு சிரிச்சுச்சு."

 

டெல்லிக்காரர்கள் விலங்கைக் கை மாற்றினார்கள். மூக்கைப் பச்சைக் குழந்தையைப் போல் துணியில் சுற்றினார்கள்.

கரீம் பாட்சா பதறினார்.

"மேடம், வெயிட்டக் கொண்டுபோறாகளே! அடியில கெடக்கது மாப்புள்ளைக்குச் செஞ்ச செருப்பு. இன்னும் ஒட்டல. நாளைக்கு நிக்காஹ்!"

ஜான்சி நயினாரின் உடம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"கவலைப்படாதீங்க பாய். சாரை ஒரு மணி நேரம் அதுமேல உக்கார வச்சிட்டுக் கூட்டிட்டுப் போறோம்!"