ஒற்றைக் கைக் கோட்டும் ஓட்டைக் கூடும்

தையல்காரரின் மகளுக்கு வயது ஒன்பது. ஆள் ஒல்லி, பேசினால் சுருக்கென்று குத்தும். அதனால் எல்லோருக்கும் அவள் ஊசி.

அப்பாவின் கடை மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முள்மரக் கிளை. அதன் நுனியில் ஒரு தூக்கணாங்குருவி பத்து நாளாகக் கூடு பின்னிக்கொண்டிருந்தது. அதன் தலை மஞ்சளாக இருந்ததால் ஊசி அதற்குத் தொப்பிக்காரன் என்று பெயர் வைத்தாள்.

தொப்பிக்காரன் புல்லை நார் நாராகக் கிழித்துக் கொண்டுவருவான். அலகால் குத்தி, இழுத்து, முடிச்சுப் போடுவான். பெண் குருவி வந்துவிட்டால் போதும், கூட்டில் தொங்கியபடி இறக்கையைப் படபடவென்று அடித்துக் கத்துவான். அதுவும் வந்து எட்டிப் பார்க்கும், பறந்துவிடும். மூன்று முறை இப்படி ஆகிவிட்டது.

ஊசிக்கு மனசே கேட்கவில்லை. உற்றுப் பார்த்தாள். கூட்டின் அடியில் இரண்டு ஓட்டைகள்!

"அய்யோ, கிழிஞ்சிருக்கு! அதான் யாருக்கும் பிடிக்கல."

தையல்காரர் மகள் கிழிசலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? தொப்பிக்காரன் புல்லுக்குப் போன நேரம் பார்த்து, பச்சை நூலால் ஓர் ஓட்டையைத் தைத்து மூடிவிட்டாள்.

திரும்பி வந்தவன் போட்ட கூச்சலில் அப்பா கத்திரியைக் கீழே போட்டார். தொப்பிக்காரன் நூலைப் பிடித்து இழுத்தான், கடித்தான், மறுபடி இழுத்தான். அன்று மத்தியானம் முழுக்க அவனுக்குத் தையல் பிரிக்கிற வேலைதான்.

"உதவி பண்ணினா திட்டுறான்பா" என்றாள் ஊசி.

"அடுத்தவன் வேலையில கை வச்சா, திட்டாம கொஞ்சுவானா?" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் போர்டு எழுதுகிற அண்ணன் கடையின் புதுப் பெயர்ப் பலகையோடு வந்தார். கையில் ரம்பமும் இருந்தது.

"அந்தக் கிளையை வெட்டிடுப்பா, போர்டை மறைக்கும்" என்றார் அப்பா.

"அப்பா! கூடு?"

"அது பாதியிலயே நிக்குதும்மா. குருவிக்கே அலுத்துப்போச்சு."

ஊசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அலுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதை வைத்துச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்ற பேண்டு மாமா அலறினார். கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியம் ஊதி ஊதிக் கன்னம் உப்பிப்போன மனிதர். புதுக் கோட்டு போட்டுப் பார்க்க வந்திருந்தார்.

"மாஸ்டர், என்ன இது? ஒரு கைதான் இருக்கு! இன்னொரு கை எங்க?"

"பதறாதீங்க. இது ட்ரையல். உங்களுக்குப் பிடிச்சாத்தான் மிச்சத்தைத் தைப்பேன். முழுசா தைச்ச பிறகு வேண்டாம்னா, என் உழைப்பெல்லாம் வீண்தானே?"

பேண்டு மாமா கைகளை மேலும் கீழும் படபடவென்று ஆட்டிப் பார்த்தார். ஊசி அவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அங்கே தொப்பிக்காரனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

"அப்பா!" ஊசி துள்ளிக் குதித்தாள். "அது கிழிசலே இல்ல. ட்ரையல்! அவன் பாதி பின்னிக் காட்டுறான். பிடிச்சாத்தான் மீதி!"

எல்லோரும் ஜன்னலருகே வந்தார்கள்.

"ட்ரையல் நடக்கும்போது யாராவது இவர் கோட்டைப் பிடுங்கிட்டுப் போனா விடுவீங்களாப்பா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "சரிதான். ஆனா போர்டு தெரியணுமே."

"கிளை நகராது. போர்டு நகரும்ல? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாட்டுங்களேன்!"

போர்டு அண்ணன் சிரித்துவிட்டார். "நாலு ஆணி வேலை. நானும் முள்ளுக்குத் தப்பிச்சேன்." ரம்பம் பைக்குள் போனது.

அடுத்த நாளும் யாரும் வரவில்லை. ஊசிக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் மறுநாள் ஒரு பெண் குருவி வந்தது. உள்ளே நுழைந்தது. நாரை இழுத்துப் பார்த்தது. இன்னொரு நாரையும் இழுத்தது. சரியான கறார் வாடிக்கையாளர்! ஊசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குருவி வெளியே வந்தது, ஆனால் பறக்கவில்லை. மறுபடியும் உள்ளே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"பிடிச்சுப்போச்சு! அப்பா, பிடிச்சுப்போச்சு!"

தொப்பிக்காரன் பரபரவென்று வேலையில் இறங்கினான். முதல் காரியமாக, ஊசி அன்று தைத்த அதே ஓட்டையைப் பின்னி மூடினான்.

"இதைத்தானே நான் அன்னைக்கே செஞ்சேன்!" என்று ஊசி இடுப்பில் கை வைத்தாள்.

"நீ ட்ரையலுக்கு முன்னாடியே செஞ்சுட்டே" என்றார் அப்பா, கோட்டின் இரண்டாவது கையைத் தைத்தபடி.

இன்னொரு ஓட்டை, குழாய் மாதிரி வாசலாகக் கீழே நீண்டுகொண்டே போனது. வார இறுதியில் பேண்டு மாமா வந்து முழுக் கோட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் நீட்டி அழகு பார்த்தார். அப்படியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தவரின் முகம் மாறியது.

"மாஸ்டர், அவன் தைச்ச கை என் கையைவிட நீளமா இருக்கே!"