சுவரைப் பார்த்த சிறுத்தை

"எங்க அண்ணனுக்குப் பைத்தியம் இல்லன்னு நீங்கதான் சார் கண்டுபிடிச்சுச் சொல்லணும். சாயங்காலம் கார் வந்திரும். மதுரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாக."

சாத்தூரில் நர்ஸாக இருந்த ஞானபூரணி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. எதிரே இருந்த சவரிராஜ் விருதுநகரில் தீ இன்சூரன்ஸ் சர்வேயர். பட்டாசுக் கம்பெனி எரிந்தால் சாம்பலைக் கிளறி, எங்கே, எதனால் பற்றியது என்று சொல்வது அவர் தொழில். அவசரப்பட்டு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு ஜீப் ஓட்டிய சின்னச்சாமி அதற்கு நேர்மாறு. தன்னைப் பாதித் துப்பறிவாளன் என்று ஊரில் சொல்லிக்கொள்வான். மீதிப் பாதியும் தானே என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தான்.

"என்ன நடந்துச்சு, உக்காந்து சொல்லுங்கம்மா" என்றார் சவரிராஜ்.

அவள் அண்ணன் வேதமாணிக்கம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார், கல்யாணம் ஆகாதவர். மாமிசம் தின்னும் மிருகங்களின் பொம்மைகளைச் சேர்ப்பதுதான் அவர் உயிர். புலி, ஓநாய், கழுதைப்புலி, கீரி, நீர்நாய் எல்லாம் அச்சு அசலாக, பல்லும் நகமும் கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். அவற்றில் மணியானது, தூத்துக்குடியில் ஒரு மாலுமியிடம் வாங்கிய ஜெர்மன் சிறுத்தை. இந்த வருஷம் டைபாய்டு கண்டு வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியவர், அலமாரியைப் பார்த்ததும், "இது என் சிறுத்தை இல்ல" என்றார்.

"எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல சார். என்ன மாறியிருக்குன்னு கேட்டா, 'அது என்னைப் பார்க்கும், இது சுவரைப் பார்க்குது'ன்னு சொல்லுதாக. பொம்மை எங்கயாவது பார்க்குமா? காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சுன்னு எல்லாரும் பேசுதாக. பள்ளிக்கூடத்திலயும் வேற ஆள் போடப் போறாகளாம்."

"அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"சமையல் பண்ற பாலம்மாகிட்ட ஒண்ணு. அண்ணனோட சிநேகிதர் முத்துராமலிங்கம்கிட்ட ஒண்ணு. சிவகாசி பிரஸ்ஸில லேபிளுக்கு அச்சுக் கல்லுல படம் வரையிறவுக. தங்கமான மனுசர். மதுரைக்குக் கார் பேசினதும் அவுகதான்."

ஜீப் சாத்தூர் போய் நின்றதும் சின்னச்சாமி ஒரு பீடியைப் பற்றவைத்தான். தீப்பெட்டியைப் பார்த்த ஞானபூரணி, "இந்தச் சிறுத்தை மார்க் படம் அண்ணனோட பொம்மையை முன்னால வச்சு முத்துராமலிங்கம் வரைஞ்சதுதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதை உள்ள கொண்டு வராதீக. அண்ணன் கண்ணுல தீப்பெட்டி, கத்தி எதுவும் படாம ஒளிச்சு வச்சிருக்கோம்."

சவரிராஜ் தீப்பெட்டியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி அலமாரியில் மிருகங்கள் எல்லாம் வரிசையாக வலப்பக்கத்து ஜன்னலை நோக்கி நடந்துகொண்டிருந்தன. எதிரே சாய்வு நாற்காலியில் எலும்பும் தோலுமாக வேதமாணிக்கம். பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி முத்துராமலிங்கம். அந்தக் காட்சியைப் பார்த்துச் சின்னச்சாமிக்கு மனசு இளகிவிட்டது.

சவரிராஜ் சிறுத்தையை எடுத்துக் கையில் கனம் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார். சின்னச்சாமி சும்மா இருப்பானா? அடிவயிற்றை நகத்தால் சுரண்டினான்.

"ஐயா, உள்ள காகிதக் கூழு. பசை போட்டுப் பிசைஞ்சிருக்கு. ஜெர்மன்காரன் செஞ்சது இல்ல." சமையல்கட்டு வாசலில் நின்ற பாலம்மாள் பக்கம் திரும்பினான். "நீ முன்னால எங்க வேலை பார்த்தே?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல. பெட்டி ஒட்டினேன்."

"காகிதமும் பசையும் பழகின கை" என்று சின்னச்சாமி நிமிர்ந்தான். பாலம்மாளுக்கு முகம் வெளிறிப்போயிற்று. "பிள்ளைக மேல சத்தியமா நான் தொட்டதுகூட இல்லய்யா" என்று அழத் தொடங்கினாள். முத்துராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

"பொறுலே" என்றார் சவரிராஜ். "முத்துராமலிங்கம், அந்தச் சிறுத்தையை உங்களைவிட உத்துப் பார்த்தவுக கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. எந்த முன்னங்காலைத் தூக்கியிருக்கும்?"

"இடது கால்" என்றார் அவர், யோசிக்காமல்.

"இந்தப் பொம்மையிலயும் இடதுதான்." சவரிராஜ் தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஆனா நீங்களே வரைஞ்ச படத்தைப் பாருங்க."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். படத்துச் சிறுத்தை வலப்பக்கமாக நடந்தது. வலது காலைத் தூக்கியிருந்தது. தலையைத் திருப்பி, பார்க்கிறவரையே பார்த்தது. சவரிராஜ் பொம்மையைத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் அதே திசையில் நடக்கும்படி வைத்தார். அதன் முகம் பின்புறச் சுவருக்குத் திரும்பியிருந்தது.

"வாத்தியார் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம். அவரு சிறுத்தை அவரைப் பார்த்துச்சு. இது சுவரைத்தான் பார்க்குது. செஞ்சவன் இடம் வலம் மாத்திட்டான்."

"பாலம்மா ஏன் மாத்தியிருக்கக் கூடாது ஐயா?" என்றான் சின்னச்சாமி, விடாமல்.

"கையில அசலை வச்சுக்கிட்டுச் செஞ்சா கால் மாறாது. தீப்பெட்டியைப் பார்த்துச் செஞ்சாலும் மாறாது. அசல் கையை விட்டுப் போனப்புறம், திருப்பிப் போட்ட படத்தைப் பார்த்துச் செஞ்சாத்தான் மாறும். அப்படிப் படம் எங்க இருக்கும்? பிரஸ் கல்லுல. கல்லுல இடம் வலம் மாத்தி வரைஞ்சாத்தான் காகிதத்துல நேரா விழும். தினம் கல்லையே பார்க்கிற கண்ணுக்கு அதுதான் நேராத் தெரியும். பொம்மையில பிரஸ் மை வாசனையும் இன்னும் போகல."

முத்துராமலிங்கத்தின் கை வேதமாணிக்கத்தின் கையிலிருந்து நழுவியது.

"கல்கத்தா ஏஜெண்ட் வந்திருந்தான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "சீசன் ஆர்டர் அவன் கையில. லேபிள்ல இருக்கிற சிறுத்தையைக் காட்டுன்னு முதலாளி சொன்னாரு. எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். எனக்கே குடுத்திருன்னு ஏஜெண்ட் வாங்கிட்டான். தீப்பெட்டிப் படம் நகத்தளவு, அதை வச்சு மீசை, புள்ளி எல்லாம் செய்ய முடியாது. பண்டல் மேல ஒட்டுற லேபிளோட கல்லுலதான் பெரிசா இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா அதைப் பார்த்துச் செஞ்சேன். வாத்தியாருக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்."

பாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சின்னச்சாமி அவளிடம் போய், "மன்னிச்சிரு ஆத்தா" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெளியே மதுரைக்குப் பேசிய கார் வந்து ஹாரன் அடித்தது. ஞானபூரணி எழுந்து போய் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள்.

வேதமாணிக்கம் பொய்ச் சிறுத்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சிறுத்தை போனா போகட்டும் முத்து. நீ கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஆனா எல்லாரும் என்னைப் பைத்தியம்னு சொன்னப்ப உன் கையைப் பிடிச்சுக் கேட்டேனே, நீயாவது சொல்லு, இது அதுதானான்னு. அப்ப என்ன சொன்னே?"

முத்துராமலிங்கம் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"'அதேதான் வாத்தியாரே, தூங்குங்க'ன்னு சொன்னே. அன்னைக்கு ராத்திரி நானும் நம்பிட்டேன், எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு."

அவர் எழுந்துபோய்ப் பொம்மையை அலமாரியில், பழைய இடத்திலேயே, சுவரைப் பார்த்தபடி வைத்தார். பிறகு, மேசையிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்த சின்னச்சாமியிடம் கையை நீட்டினார்.

"அந்தத் தீப்பெட்டியைக் குடுங்க தம்பி. விளக்கு வைக்கிற நேரமாச்சு."

சின்னச்சாமி அவர் தங்கையைப் பார்த்தான். ஞானபூரணி குடுக்கச் சொல்லித் தலையசைத்தாள்.