பாலத்தடிக் கல்

1957 அக்டோபர் 15, செவ்வாய். நேற்று, ‘ஓடை முழுதும் பச்சை’ என்று எழுதினேன். தவறு. பாலத்தின் மேல் நின்று பார்த்தேனே தவிர, அடியில் குனிந்து பார்க்கவில்லை.

ஆகஸ்டில் விழுந்த கொப்புளத் தழும்பு இன்னும் மறையாத கையால் இதை எழுதி, மாணிக்கவாசகம் நோட்டைக் கமலவேணியிடம் நீட்டினான். காஜா பேராங் ஊரின் மாலை வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. பகலில் அவன் துணிக்கடையில்; அவள் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில். ஒரு கிணற்றுத் தகராறைத் தீர்த்துவைத்ததிலிருந்து ஊர்ச் சிக்கலெல்லாம் அவளிடம்தான் வரும்.

ஞாயிறன்று டோபி அப்பாசாமி வந்திருந்தார். “ஒன்றரை மாசமா ஓடையில பாசி, தங்கச்சி. என் சவுக்காரத் தண்ணிதான் காரணம்னு பால்கார ராஜரத்தினம் கையெழுத்து வாங்கறாரு. புதன்கிழமைக்குள்ள கல்லைக் காலி பண்ணணுமாம். பதினெட்டு வருஷம் துவைச்ச கல்லு. நான் எங்க போவேன்?”

கமலவேணி நோட்டைப் படித்தாள். “நல்ல தப்பு. வா, குனிஞ்சு பார்ப்போம்.”

வெயில் சாயுமுன் ஓடைக்கரையில் அப்பாசாமியும், மனுவும் கையுமாக ராஜரத்தினமும் நின்றார்கள். கமலவேணி இரண்டு கற்களைத் தகர மூடியில் வைத்தாள்.

“இது பாலத்தடிக் கல். துவைக்கிற இடத்துக்கு நாலடி கீழ, தண்ணி போற பக்கம். சவுக்காரம் காரணம்னா இதுதானே ரொம்பப் பச்சையா இருக்கணும்? சுத்தமா இருக்கே.”

“அங்க வெயில் விழாது! அப்ப வெயில்தான் குத்தவாளி!” என்று துள்ளினான் மாணிக்கவாசகம்.

“அவசரப்படாதே. இது மாட்டுக்கொட்டகைக்கு மேலே, தண்ணி வர்ற பக்கம், நாள் முழுக்க வெயில் அடிக்கிற ஓடைத் திருப்பத்துல எடுத்தது. இதுவும் சுத்தம். ராஜரத்தினம் அண்ணே, உங்க கொட்டகை கழுவுற தண்ணி எங்க போகுது?”

“ஓடைக்குத்தான். எங்கப்பா காலத்துலேர்ந்து போகுது. அப்பல்லாம் பாசி ஏது?” என்றார் ராஜரத்தினம்.

“சாணித் தண்ணி பாசிக்குச் சாப்பாடு. ஆனா வெளிச்சம் இல்லாம அது வளராது. இரண்டும் சேர்ந்தாத்தான் பச்சை. கொட்டகையிலேர்ந்து இந்தத் துவைக்கிற கல்வரைக்கும் போன ஆகஸ்டு வரை நிழல் இருந்துச்சு. எதோட நிழல்?”

மாணிக்கவாசகம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற நாளுக்குக் கட்டிய சுதந்திர வளைவுக்கு நாற்பது மூங்கில். எவ்வளவு பெருமையோடு வெட்டினான்!

“மூங்கில்... நான்தான் வெட்டினேன், அக்கா.”

ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். “வெட்டச் சொன்னது நான்தான்லா.”

அப்பாசாமி சிரித்துவிட்டார். “அந்தச் சுதந்திர வளைவுல கட்டின வெள்ளைத் துணிய வெளுத்தது நானு. மூணு பேரும் கூட்டாளிதான் போங்க!”

ராஜரத்தினம் மனுவை நான்காகக் கிழித்தார். “கொட்டகைத் தண்ணிய வாழைத் தோட்டத்துக்குத் திருப்பிடறேன். நாளைக்கு என் வேட்டியையும் அந்தக் கல்லுலயே போடு.”

அன்றைய பக்கத்தின் அடியில் மாணிக்கவாசகம் எழுதினான்: நாளை காலை ஆறரைக்கு, வெட்டிய மூங்கில் தூர்களில் விட்டிருக்கும் குருத்துகளை மாடு கடிக்காமல் வேலி கட்ட வேண்டும். கயிறு, பழைய சாக்கு. மூங்கில் வெட்டிய பாராங் கத்தி வேண்டாம்.