கறுப்பு ஃபில்டர் இருக்க வேண்டிய இடம்

அக்காவின் மருந்து அட்டைகளைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட், அவன் விரல் பட்டதும் சருகாய் நொறுங்கியது. வாசலில் கிடந்த அவளுடைய ரப்பர் செருப்பிலும் அதே வெடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். காற்றைச் சுத்தம் செய்யும் பிளாஸ்மா மெஷின்களை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவன் பிழைப்பு. ஓசோன் தின்ற ரப்பர் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மெஷினுக்குள் இருக்கும் மின்பொறி காற்றிலுள்ள அழுக்கை எரிக்கும். எரிக்கும்போதே ஓசோனையும் கக்கும். நெஞ்சை அரிக்கும் அந்த வாயுவைப் பிடித்துவைக்கத்தான் பின்பக்கத்தில் ஒரு கறுப்பு ஃபில்டர். மூன்று மாதம் முன்பு, அவசரப்படுத்திய ஒரு வாடிக்கையாளருக்காக அக்கா வீட்டில் தான் மாட்டியிருந்த மெஷினின் ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். சொந்த அக்காதானே, அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். ஓசோனை அளக்கும் மீட்டரை எடுக்கச் சோம்பல்பட்டு, தொழிலில் எல்லாரும் செய்வதுபோல் முகர்ந்து பார்த்தான். வாடை இல்லை. பத்து வருடத்தில் தன் மூக்கு செத்துப்போனது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் முகர்ந்தான், வெட்கங்கெட்டவன்.

இன்று பையில் புது ஃபில்டர் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வாடா தம்பி," என்றாள் அக்கா, கட்டிலில் படுத்தபடியே. பிறந்ததிலிருந்து மூச்சு இழுப்புக்காரி. "நீ சொன்ன மாதிரி கதவு ஜன்னலெல்லாம் மூடியேதான் வெச்சிருக்கேன். தம்பின்னா இப்படி இருக்கணும்னு தெருவே பேசுது."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"சும்மா சர்வீஸ் பண்ணலாம்னு வந்தேங்க்கா."

"எதுக்குடா? நல்லாத்தானே ஓடுது. மூணு நாளா இழுப்பே இல்ல."

மெஷினின் ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. ஈரமாக, இழுத்து இழுத்து, முடிவில் சின்னதாக ஒரு விசில். சின்ன வயதில் பக்கத்துப் பாயில் தூங்காமல் படுத்து அவன் எண்ணிய சத்தம். அக்காவின் இழுப்பு. அது கட்டிலிலிருந்து வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். மெஷினின் விசிறி நின்றது. இழுப்பு நிற்கவில்லை.

பின்மூடியில் நாலு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூடி கையோடு வந்தது.

ஃபில்டர் இல்லாத இடம் காலியாக இல்லை. இளஞ்சிவப்பு. ஈரம். ஓரமெல்லாம் வெந்து வெளுத்த சதை. சட்டத்துக்குள் அளவெடுத்து வைத்த மாதிரி. உப்பியது. சுருங்கியது. விசில்.

திரும்பினான். அக்காவின் மார்பு அசையவில்லை. போர்வையின் ஒரு மடிப்புகூட அசையவில்லை.

"அக்கா... ஃபில்டர்... நான்தான்..."

"தெரியும்டா," என்றாள் சிரித்தபடி. "உன் மானம் போயிடக் கூடாதேன்னு, என்கிட்ட இருந்ததை வெச்சேன்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும், மெஷினுக்குள் அது சுருங்கிச் சுருங்கி விரிந்தது.