முந்திக்கொண்ட குரல்

அவள் பேசி முடித்த பிறகும் ஹெட்செட்டில் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. பந்தயக் காரை ஓட்டும் அண்ணனிடம் "உள்ள வாண்ணா" என்று சொல்லி வாயை மூடினால், கொஞ்சம் தாமதித்து அதே "உள்ள வாண்ணா" காதில் விழுந்தது. மழை ஈரத்தில் வயர்லெஸ் கோளாறு, வேறென்ன. சொன்னால் மேனேஜர் எரிந்து விழுவார். அவருக்குச் சிடுமூஞ்சி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

பந்தயத்தின் நடுவே மின்சாரக் கார் சார்ஜ் ஏற்ற வந்து நின்றது. சார்ஜ் ஏறும்போது அவள் ஒருத்திதான் பக்கத்தில் நிற்கலாம். மற்றவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். தகரக் கூரையில் மழை கொட்ட, சூடான டயரும் நனைந்த சிமெண்டும் சேர்ந்த வாடை மூக்கில் ஏற, கைப் பருமனிருந்த கேபிளைத் தூக்கிச் சொருகினாள். சார்ஜ் இயந்திரம் இரைந்தது.

"சொருகியாச்சு" என்றாள். அந்தக் குரல் இப்போது தாமதிக்கவில்லை. கூடவே சொன்னது.

காரின் உச்சி விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. காரின் உடம்பில் மின்சாரம் கசிகிறது. உள்ளேயே உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. கை காரிலும் கால் தரையிலும் ஒன்றாகப் பட்டால் ஆள் காலி. அதனால் பச்சையில் மட்டும்தான் 'இறங்கு' என்பார்கள். சிவப்பில் 'அசையாதே', வெளியேறியே ஆக வேண்டுமென்றால் 'குதி', எதையும் பிடிக்காமல். விளக்கு அண்ணனின் தலைக்கு மேலே இருந்தது. அவனுக்குத் தெரியாது. அவள் சொல்வதுதான் அவனுக்குக் கண்.

"என்ன இவ்ளோ நேரம்? மேல என்ன கலர்?" என்று கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள்.

"பச்சைண்ணா" என்றது அவள் குரல், முந்திக்கொண்டு.

ஹெட்செட்டின் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். "சிவப்புண்ணா, அசையாத." ஹெட்செட்டில் அது வரவேயில்லை. முன்னால் ஓடிக் கைகளை ஆட்டினாள். அவன் ஹெல்மெட் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. இயந்திரத்தின் அவசர நிறுத்தப் பொத்தானை ஓங்கி அடித்தாள். இரைச்சல் நிற்கவில்லை. மழைச் சாரலில் மங்கிய தடுப்புக்கு அப்பால் சிடுமூஞ்சி சரியென்று தலையாட்டினார். அவருக்கும் அந்தக் குரல்தான் கேட்டது.

"பேட்டரி போச்சுண்ணா. வண்டி இனி ஓடாது. பொறுமையா எறங்கு" என்றது அந்தக் குரல்.

அவன் பெல்ட்டைக் கழற்றினான்.

வேண்டாம். வேண்டாம்.

விளிம்பைப் பிடித்தான். ஒரு காலை வெளியே போட்டான். ஈரச் சிமெண்ட்.

கால் பட்டது.

அவன் கத்தவில்லை. உடம்பு விறைத்தது. விரல்கள் விளிம்போடு ஒட்டிக்கொண்டன. மின்சாரத்தில் மாட்டியவரை இழுக்கவென்று சுவரில் ஃபைபர் கொக்கி ஒன்று தொங்கியது. பிடுங்கினாள். ஓடி வந்தாள்.

ஆவி விலகியிருந்தது. அவன் முகம் தெரிந்தது. பல் கிட்டி, உதடு நீலம் பாரித்து, இறுகிய வாய். அசையாத வாய்.

ஹெட்செட்டில் அண்ணனின் குரல் கேட்டது. செல்லமாக.

"கொக்கி எதுக்கு பாப்பா? கையப் புடி."

விறைத்த அந்த உடம்பில் ஒரு கை மட்டும் அவளை நோக்கி நீண்டது. இன்னும் நீண்டது.